இளைப்பை மறைத்துக் கடலுக்குப் போகிறவனுக்கு

கண்ணு,

கடிதத்தை அன்பு என்ற சொல்லோடு தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இப்போது வரவில்லை. அது எங்கும் ஓடிவிடாது, ஆத்திரம் தணிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். நான் எதற்காகக் கொதித்துப்போய் இருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் செய்து, "அம்மா, என்னோட பிளட் குரூப் என்னம்மா?" என்று கேட்டாய். எதற்கு என்றேன். அந்தமான் போகிறோம், படகில் நடுக்கடலுக்குக் கூட்டிப்போய், முதுகில் சிலிண்டர் கட்டித் தண்ணீருக்கு அடியில் இறக்குவார்கள், அதற்கு ஒரு ஃபாரம் என்றாய். அனுப்பு, பார்க்கிறேன் என்றேன். நீயும் ஏதோ ஞாபகத்தில் நிரப்பி வைத்திருந்ததையே அனுப்பிவிட்டாய். நான் பிளஸ் டூ வரை படித்தவள்தான், ஆனால் தெரியாத இங்கிலீஷ் சொல்லைப் போனில் தட்டிப் பார்க்கத் தெரியும். இதயத்தில் கோளாறு உண்டா, வலிப்பு உண்டா, காதில் ஆப்பரேஷன் நடந்ததா என்று வரிசையாகக் கேட்டிருந்தான். நடுவில் ஒரு வரி: ஆஸ்துமா, இளைப்பு, மூச்சுத்திணறல் எப்போதாவது இருந்ததா? நீ அதற்கும் 'இல்லை' என்று போட்டிருந்தாய்.

நான் திரும்பக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாட்ஸப்பில் உன் குரல் வந்தது. "அம்மா, ஆமான்னு போட்டா டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கோணும், டெஸ்ட் எடுக்கோணும், பெரிய ரோதனை. அரை மணி நேரந்தான், ஆளு கையப் புடிச்சுட்டே இருப்பான். கிருத்திகாகிட்ட எதையும் சொல்லிப்போடாத." இவ்வளவுதான் நீ சொன்னது. அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறுபடி போட்டுக் கேட்டேன். உனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. இன்னும் உன் பெண்டாட்டிக்கு உன் இளைப்பைப் பற்றித் தெரியாது என்று அதைக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

உன் அப்பாவிடம் காட்டினேன். அவர் மூன்றாம் நம்பர் கோழி ஷெட்டில் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்புள்ள இப்படிக் கெடந்து குதிக்கற? சின்னஞ்சிறுசுக, போயிட்டு வரட்டும் உடு. அவன் என்ன கொழந்தயா?" என்றார். குழந்தையாக இருந்தால் இரண்டு போட்டு உட்கார வைத்திருப்பேன். முப்பது வயதுக்காரனை என்ன செய்வது? அதனால்தான் எழுதுகிறேன். பேசினால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி என்னை அடக்கிவிடுவாய், அந்தச் 'சரிம்மா' எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலுக்குப் போவதே தண்டம், அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிற அம்மா நான் இல்லை. உன் ஃபாரத்தைப் பார்த்த பிறகு அந்த வீடியோக்களைப் போனில் போட்டுப் பார்த்தேன். திட்டுவதற்குத்தான் போட்டேன். ஆனால் மஞ்சளும் நீலமுமாக மீன்கள் கூட்டமாகத் திரும்புவதைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன், உன் அப்பாவைக் கூப்பிட்டும் காட்டினேன். நம் பண்ணைக்குக் கடல் எப்படி வந்தது? தீவனத்துக்குக் கருவாட்டுத் தூளாக மூட்டையில் வந்தது, முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சலாக லாரியில் வந்தது. இருபத்தைந்து வருடம் கிளிஞ்சலை முறத்தில் அள்ளிக் கொட்டியவளுக்கு, அது உயிரோடு கிடக்கும் இடத்தைப் பார்க்க ஆசை இருக்காதா? ஒருவனுக்கு உடம்பு ஒத்துழைத்தால் அவன் தாராளமாகப் போகலாம், செலவழித்த காசுக்கும் அலைச்சலுக்கும் அது தகும் என்றுதான் நினைக்கிறேன். உனக்குத் தகுமா என்பதுதான் கேள்வி. அதற்கு நீ பதிலே சொல்லாமல் ஒரு 'இல்லை'யைப் போட்டு மூடிவிட்டாய்.

நீ இதை யாரிடம் கற்றாய் என்று தேட வேண்டாம், என்னிடம்தான் கற்றாய். என்மேல் எனக்கு இருக்கிற கோபத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உன்மேல் இருக்கிற கோபம் பாதிகூட இல்லை. நீ ஏழு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது எருமப்பட்டிப் பக்கம் இந்தப் பண்ணையை ஆரம்பித்தோம். அப்போது தீவனம் அரைக்கும் மெஷினை ஓட்டுவதற்கு ஆள் இல்லை, நானும் உன் அப்பாவும்தான். உன்னைத் தூளியில் போட்டுத் தீவன அறையிலேயே தொங்கவிட்டிருந்தேன். மக்காச்சோளத் தூசி, சோயா, கருவாட்டுத் தூள் எல்லாம் உன் புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், கிழவனாட்டம் இருக்கிறான் என்று. மூன்று வயதில் உனக்கு நெஞ்சுக்குள் விசில் அடிக்க ஆரம்பித்தது. நாமக்கல்லில் டாக்டரம்மா உன்னைப் பார்த்துவிட்டு, பண்ணைத் தூசி இவனுக்கு ஆகாது, வீட்டை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் மாற்றவில்லை. கோழியை விட்டுவிட்டு எங்கே போவது என்று பேசிப் பேசியே வருடங்களைக் கழித்தோம்.

ஆறாம் வகுப்புக்கு உன்னை ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தோம். படிப்புக்காக என்று ஊருக்குச் சொன்னோம், தூசியிலிருந்து உன்னைத் தள்ளி வைக்கவும்தான். சேர்க்கை ஃபாரத்தில் 'மாணவருக்கு ஏதேனும் நோய் உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தது. இளைப்பு என்று எழுதினால் சேர்க்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என் கையால் 'இல்லை' என்று எழுதினேன். பவுடர் டப்பாவின் அடியைத் தகடு வெட்டும் கத்தரியால் வெட்டி, உள்ளே உன் இன்ஹேலரை வைத்து, மறுபடி பேப்பர் ஒட்டிக் கொடுத்தேன். "ஆராச்சும் கேட்டாச் சளின்னு சொல்லு சாமி, வேற வாயத் தொறக்காத" என்று பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பாடம் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு தாய் சொல்லக்கூடிய பேச்சா அது? நீ தலையை ஆட்டினாய். கெட்டிக்காரப் பிள்ளை, ஒரு தடவை சொன்னால் போதும் என்று எனக்குப் பெருமை வேறு.

எட்டாம் வகுப்பில் காலையில் கிரவுண்டைச் சுற்றி ஓடும்போது நீ விழுந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அன்று நடந்தது முழுவதும் உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. நீ மூச்சு வாங்கி நின்றதும், ஹாஸ்டல் வார்டன் நீ ஓடாமல் இருக்க நடிக்கிறாய் என்று நினைத்து இன்னும் இரண்டு சுற்று ஓடவிட்டிருக்கிறார். உதடு நீலமாகி நீ விழுந்ததும் அவரே உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, முட்டை ஏற்றிப் போன வண்டியை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். நான் போனபோது வராந்தாவில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். எல்லோர் முன்னாலும் அவரைப் பிடித்துக் கிழித்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வக்கில்லாதவன் எதற்கு இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்டேன். அவர் மெதுவாக, "ஃபாரத்துல ஒண்ணுமில்லைன்னு எழுதியிருந்துச்சுங்கம்மா" என்றார். அதற்கும் நான் விடவில்லை. "புள்ள மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினேன். அந்த மாதக் கடைசியில் அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். நான் போய், தப்பு என்னுடையது, நான்தான் பொய் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவருக்கு அப்போது ஏறக்குறைய உன் இப்போதைய வயதுதான் இருக்கும். எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

இப்போது உன் கையைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கப் போகிறானே ஒருவன், அவனை நினைத்துப் பார். அவனுக்கும் ஒரு வீடு, ஒரு அம்மா இருப்பார்கள். அவன் கையில் இருப்பது நீ நிரப்பிக் கொடுத்த காகிதம் மட்டும்தான். அடியில் உனக்கு மூச்சு பிடித்துக்கொண்டால், பயந்துபோய்த் திணறுகிறாய் என்றுதான் அவன் நினைப்பான். அந்த வார்டன் நினைத்தது போலவே. உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நானே விமானம் ஏறிப் போய் அவன் சட்டையைப் பிடிப்பேன், எனக்கு அந்தக் குணம் உண்டு என்று உனக்கும் தெரியும். ஒரு பொய்க்கு இரண்டு பேரைப் பலி கொடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?

உன் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் போனேன். இப்போது அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, உன்னை மறக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் நுரையீரலை வரைந்து காட்டினார். தண்ணீருக்கு அடியில் உள்ளே இழுக்கிற காற்று மேலே வர வர விரியுமாம். அதை விடாமல் வெளியே ஊதிக்கொண்டே வர வேண்டுமாம். இளைப்புக்காரனுக்கு அந்த நேரத்தில் மூச்சுக்குழாய் சுருங்கிக்கொண்டால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும், நுரையீரலே கிழிந்துபோகலாம் என்றார். சிலிண்டர் காற்று வறட்டுக் காற்று, அதுவே உனக்கு இளைப்பைக் கிளப்பிவிடலாம் என்றார். வீட்டில் என்றால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மருந்தை உறிஞ்சுவான், அங்கே கடலுக்கு அடியில் என்ன செய்வான் என்று அவர் கேட்டார். போகவே கூடாதா என்றேன். "அப்படிச் சொல்ல மாட்டேங்க. இப்ப எப்படி இருக்குன்னு ஊதிப் பாக்கிற டெஸ்ட் எடுக்கட்டும். கடல்ல இறங்கறதைப் பத்தித் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தரு பாத்து எழுதிக் குடுத்தாப் போகட்டும். சொல்லாமப் போறதுதான் கூடாதுங்க" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கடைசி வாக்கியம்தான் உறைத்தது.

சின்ன வயதில் இருந்தது, இப்போது இல்லை என்று என்னிடம் பூசி மெழுகாதே. போன மாதம் நீங்கள் இரண்டு பேரும் ஊருக்கு வந்தபோது, சாப்பிட்டு முடித்ததும் கோழிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாய். என்றைக்கடா நீ கோழியைப் பார்த்தாய்? குடோனுக்குப் பின்னால் நின்று நீ மருந்தை இழுப்பதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கிருத்திகா அந்தப் பக்கம் வந்துவிடாமல் அவளைத் தக்காளி நறுக்க உட்கார வைத்தேன். பார், அப்போதும் உனக்குக் காவல் நின்றவள் நான்தான்.

பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்த அன்று மட்டும் என்ன செய்தேன்? உனக்கு ஆவி பிடிக்கிற மெஷினைத் தீவன மூட்டைகளுக்கு அடியில் கொண்டுபோய்ப் புதைத்தேன். கிருத்திகாவின் அப்பா காபியைக் கையில் வைத்துக்கொண்டு, மரியாதையாக, "மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டார். நேராகக் கேட்டார், நேராகச் சொல்லியிருக்கலாம். "ஒண்ணுமில்லீங்க, கல்லாட்டம் இருக்கறான்" என்றேன். நம் பக்கத்தில் இதையெல்லாம் பொய் என்றே யாரும் நினைப்பதில்லை. சர்க்கரையை மறைப்பார்கள், கண்ணாடி போடுவதை மறைப்பார்கள், கல்யாணம் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். நானும் கல்யாணம் முடியட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள் என்று உன்னிடம் சொன்னேன். எப்போது என்று சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

நேற்றுக் காலை, முட்டை வண்டி போன பிறகு, கிருத்திகாவைக் கூப்பிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் விட்டிருக்க மாட்டாய். அவள் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும், எங்க மேல தப்பு" என்று அவளிடம் ஆரம்பித்து, இளைப்பு என்ற சொல்லை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "எனக்குத் தெரியுமுங்க அத்தை" என்றாள்.

கல்யாணமான இரண்டாவது மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். நீ பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு மருந்தை இழுக்கும் சத்தம் தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டிக் கேட்குமாம். ஷூ டப்பாவுக்குள் இருந்ததை எடுத்து, பேரைப் படித்து, என்ன மருந்து என்று பார்த்துவிட்டு, திரும்ப அதே மாதிரி வைத்துவிட்டாளாம். "அவரா ஒரு நாளு சொல்லுவாருன்னு இருந்தேனுங்க. இந்த ஃபாரம் வந்தன்னிக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். இன்னைக்கு எப்படியும் சொல்லியாகோணும், வேற வழியில்லைன்னு நெனச்சேன். சர்ருன்னு கீழ வரைக்கும் இல்லை இல்லைன்னு போட்டுட்டு, சாப்புட என்ன இருக்குதுன்னு கேட்டாருங்க." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. அவள் உன்னோடு அந்தமானுக்குக் கிளம்புவது மீன் பார்க்க இல்லை. படகில் ஏறும்வரைக்கும் பார்ப்பாளாம். அப்போதும் நீ வாய் திறக்காவிட்டால், அந்தக் கை பிடிக்கிறவனிடம் அவளே சொல்லிவிட்டு, அங்கிருந்து நேராகத் தன் அப்பா வீட்டுக்குப் போய்விடுவாளாம். இதைக் கோபமாகச் சொல்லவில்லை, பஸ் டைம் சொல்வதைப் போலச் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நான் ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா நீ சம்மதிச்சிருப்பியா கண்ணு?" "தெரியலீங்க அத்தை. சம்மதிச்சிருக்கலாம், வேண்டாம்னும் சொல்லியிருக்கலாம். நீங்க அதை என்னைய முடிவு பண்ண விடலையே" என்றாள். ஐம்பத்தாறு வயதில் ஒரு பெண்ணிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

போனை வைப்பதற்கு முன்னால் அவள் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள், அவராகச் சொல்லட்டும் என்றாள். அவள் கேட்டது நியாயம். அப்படி நீயாக வாயைத் திறந்தால்தான் அவளுக்கு நிம்மதி. ஆனால் நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை இந்தக் குடும்பத்தில் ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவரிடமிருந்து மறைக்க என்னால் முடியாது, அதிலும் உன் உயிரை வைத்துக்கொண்டு முடியாது. அவள் என்மேல் வருத்தப்பட்டாள், படட்டும். நீயும் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவாய், திட்டிக்கொள். கடிதம் என்றால் மடித்து ஒட்டி அனுப்புவார்கள். இதை நான் ஒட்டவில்லை. போட்டோ எடுத்து உனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறேன். உன் அப்பா படித்துவிட்டார், அவர் குதிக்காதே என்று சொல்லவில்லை. பிள்ளையின் இளைப்பைச் சம்பந்தியிடம் மறைத்துவைத்திருக்கிற வீடு இந்தப் பக்கத்தில் நம் வீடு ஒன்று மட்டும் இல்லை. அவர்களும் படிக்கட்டும் என்று யார் கேட்டாலும் கொடுக்கப்போகிறேன்.

கடலுக்கு நீ போவதா வேண்டாமா என்பதை இனி நான் பேச மாட்டேன். டெஸ்ட் எடுத்து, டாக்டர் எழுதிக் கொடுத்தால் போ. கொடுக்காவிட்டால் அவள் மட்டும் இறங்கட்டும், நீ படகில் உட்கார்ந்து அவள் எப்போது மேலே வருவாள் என்று பார்த்துக்கொண்டிரு. உன் அப்பாவுக்கும் எனக்கும் அந்த மாதிரி ஒரு நாள்கூட வாய்த்ததில்லை, அதுவும் தகும். அதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

அவள் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அதற்குள் நீயும் வீடு போய்ச் சேர்ந்துவிடு. அவளுக்கு எல்லாம் தெரியும், அதனால் விஷயத்தைச் சொல்லப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகாதே. எங்கம்மாதான் மறைக்கச் சொன்னாங்க என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. அது உண்மைதான், நூற்றுக்கு நூறு உண்மை, யாரிடம் வேண்டுமானாலும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவளிடம் நீ அப்படி ஆரம்பிக்கக் கூடாது. நான் உன்கிட்டப் பொய் சொன்னேன் என்று ஆரம்பி.

அம்மா